காலஞ்சென்றவர் முன்னிலையில் ஒரு கல்யாணம்

பிள்ளைகளா, மூத்தவள் கல்யாணத்துக்கு நான் ஏன் பத்திரிகை அடிக்கவில்லை என்று நீங்கள் மூன்று பேரும் தனித்தனியாக என்னைக் கேட்டீர்கள். கல்யாணப் பெண்ணே ஒருநாள் கேட்டாள். நடுவில் உள்ளவன் நேராகக் கேட்கவில்லை, குத்திக்காட்டினான். "ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குறவரு, பெத்த மகளுக்கு மட்டும் வாயால கூப்பிடுறாரு" என்று அவன் சிநேகிதனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் எல்லாருக்கும் நான் சொன்ன பதில், யுத்த காலம், காகிதத் தட்டுப்பாடு என்பது.

காகிதம் தட்டுப்பாடுதான். அதில் பொய் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அச்சாபீஸில் நிற்கிறவனுக்கு இருநூறு பத்திரிகைக்கு வழி கிடைக்காதா? உண்மையைச் சொல்லியே ஒன்றை மறைக்க முடியும். அதை நான் ஒருதரம் பழகிக்கொண்டேன். எப்படிப் பழகினேன் என்று இப்போது எழுதுகிறேன். இப்போது ஏன் என்றால், மூத்தவள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டீர்கள், உங்கள் அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் சத்தம் கேட்பது மண்பானையில் தண்ணீர் மொள்ளும்போது மட்டும்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையால் எழுதியதைவிட ஈய எழுத்தில் கோத்ததுதான் அதிகம். இதில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அச்சாபீஸ். முதலாளி, மிஷின் ஓட்டுகிறவர் ஒருவர், அச்சுக் கோக்க நான். நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்போம். ஆனால் அடுப்பு எரிந்தது கல்யாணப் பத்திரிகையால்தான். தை பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது.

அச்சுக் கோக்கிறவனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. எழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் படிக்கவேண்டும். அதனால் மனுஷர்களையும் கொஞ்சம் தலைகீழாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு மனுஷனை அறிய அவனோடு பந்தியில் உட்கார வேண்டாம், பிரயாணம் போக வேண்டாம். அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் புரூப்பை அவன் கையில் கொடுத்தால் போதும். புரூப் என்றால், முழுக்க அடிப்பதற்கு முன்னால் சரிபார்க்க எடுத்துக் கொடுக்கிற ஒற்றைப் பிரதி. அதை வாங்கியதும் அவன் கண் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்.

தன் பேருக்குப் போகும். முகூர்த்த நேரத்துக்குப் போகாது, மாப்பிள்ளை பேருக்குப் போகாது. தன் பேர், தன் தகப்பனார் இனிஷியல், பேருக்குப் பின்னால் 'அவர்கள்' இருக்கிறதா, அது முழுசாக இருக்கிறதா, சுருக்கி 'அவர்' என்று முடித்துவிட்டார்களா. இவ்வளவும் பார்த்த பிறகு, பக்கத்தில் இருக்கிற மச்சான் பேர் தன் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பான். ஒருவர் விரலால் அளந்தே பார்த்தார். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் 'ரிடையர்டு' என்று போடச் சொன்னார். "நான் ஆபீஸுக்குப் போறதில்ல, அதுக்குப் பேரு ரிடையர்டுதானே?" என்று என்னையே கேட்டார். பெண்ணைப் பெற்றவளின் பேர் அந்தக் காலத்துப் பத்திரிகையில் எங்கும் இருக்காது. அதற்காக ஒருத்தரும் சண்டைக்கு வந்தது கிடையாது. அவளே வந்தது கிடையாது.

எங்கள் முதலாளியும் புரூப் பார்ப்பார். அவர் பார்ப்பது கடைசி வரி. அதில்தான் அச்சாபீஸ் பேர் இருக்கும். நான் மட்டும் யோக்கியனா என்றால், நான் எழுத்தைப் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன். 'ண' விழுந்திருக்கிறதா, புள்ளி வைத்திருக்கிறதா, அவ்வளவே. ஆயிரக்கணக்கான பேரை 'இஷ்டமித்திர பந்துக்களுடன் வருக' என்று கூப்பிட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு பத்திரிகை யாரும் கொடுத்ததில்லை. பெற்றோர் போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர் கிடையாது. காலையில் காப்பி கிளப்பில் இட்லி, மத்தியானம் அங்கேயே சோறு, சாயங்காலம் அறைக்குப் போய்ப் படுக்கை. முகூர்த்த நாட்களில் நாலு வீதியிலும் மேளம் கேட்கும். அது எந்தப் பத்திரிகை என்று மனதுக்குள் அடையாளம் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பேன்.

அப்படி ஒரு தை மாதத்தில், பழங்காநத்தத்தில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். நாற்பது வயது இருக்கும். எழுதிக் கொண்டுவந்த தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, அந்த ரெண்டாவது வரியில இருக்கிறது எங்க அண்ணன்."

"சரிண்ணே, போட்டுர்றேன்."

"இல்ல, கவனமாப் போடணும். ஒம்பது வருசமா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல."

நான் கேட்காமலே காரணத்தையும் சொன்னார். ஒரு தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்களாம். எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, வயலிலிருந்து வந்த அண்ணன் வாசலில் நின்று, விளையாட்டாக, "என்னடா, கொட்டிக்கிட்டியா?" என்று கேட்டாராம். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் அந்த வார்த்தை. அண்ணன் தம்பிக்குள் தினம் பேசுகிற வார்த்தைதான். ஆனால் பெண்டாட்டி காதில் விழுந்துவிட்டது, மாமனார் காதில் விழுந்துவிட்டது. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அண்ணன், "இதுக்குப் போயி எந்திரிக்கிறானே" என்று சிரித்தாராம். சிரித்ததுதான் பெரிய குற்றமாகப் போயிற்று.

"ஒரு வார்த்தைக்கா ஒம்பது வருசம்?" என்றேன்.

"அப்படிச் சொல்லாத தம்பி. மொத வருசந்தான் வார்த்தைக்கு. மிச்சம் எட்டு வருசமும், அவன் ஏன் வந்து பேசல, நான் ஏன் போயிப் பேசல, அதுக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். "நேராப் போயி வாசல்ல நின்னு கூப்பிட எனக்கு வாய் வராது. பத்திரிகையில அவன் பேரை மேலயே போட்டு அனுப்பிட்டேன்னு வையி, எழுத்துக்கூட்டிப் படிச்சுருவான். படிச்சா வந்துருவான். அவனுக்குப் பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல. என் மகளைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுத் திரிஞ்சவன் அவன்தான்."

அந்தத் தாளில் இப்படி இருந்தது: எனது தகப்பனார் காலஞ்சென்ற இன்னார் அவர்கள் ஆசியுடனும், எனது தமையனார் இன்னார் அவர்கள் முன்னிலையிலும், எனது குமாரத்திக்கு விவாகம் நடைபெறும் என்று.

இந்த இடத்தில் எங்கள் வேலை முறை ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லாப் பத்திரிகையிலும் வருகிற வார்த்தைகளை ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாகக் கோக்க மாட்டோம். 'நிகழும்', 'சுபயோக சுபதினத்தில்', 'காலஞ்சென்ற' என்பதையெல்லாம் முன்கூட்டியே கோத்து, நூலால் கட்டி ஒரு தட்டில் வைத்திருப்பேன். வேண்டிய இடத்தில் எடுத்துச் செருகிவிடலாம். செத்தவர் இல்லாத வீடு கிடையாது. அதனால் 'காலஞ்சென்ற' மட்டும் நாலைந்து தயாராக இருக்கும்.

இரண்டு வரியும் 'எனது' என்றே ஆரம்பிக்கிறது. நாலு வேலையை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை எடுத்தேன், ஒரு வரி தள்ளிச் செருகிவிட்டேன். தகப்பனாருக்கு உயிர் வந்துவிட்டது. தமையனார் போய்விட்டார்.

மறுநாள் கடைக்காரர் வந்தார். புரூப்பைக் கையில் வாங்கினார். கண் நேரே கடைசிக்குப் போயிற்று. "என் இனிஷியல்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாருங்க" என்றார். உண்மைதான், விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். மாப்பிள்ளையின் பட்டத்தைச் சரிபார்த்தார். பிறகு மேலே போய், அண்ணன் பேர் இருக்கிற வரியின்மேல் விரலை வைத்தார். "இருக்குல்ல?" என்றார். "இருக்குண்ணே" என்றேன். பேர் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நூற்றைம்பது பிரதி அடித்தோம்.

'எனது தமையனார் காலஞ்சென்ற இன்னார் அவர்கள் முன்னிலையிலும்' என்று அச்சாகியிருக்கிறது. செத்துப்போனவர் எப்படி முன்னிலை வகிப்பார் என்று நான் யோசிக்கவில்லை, முதலாளி யோசிக்கவில்லை, பெண்ணைப் பெற்றவர் யோசிக்கவில்லை.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், ஒல்லியான ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு. தரையில் சிதறிக் கிடந்த ஈய எழுத்துக்களை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

"பத்திரிகை அடிக்கணுமாங்கய்யா?" என்று கேட்டேன்.

"அடிச்சதைக் கேக்க வந்தேன் தம்பி." துண்டு முடிச்சை அவிழ்த்துப் பத்திரிகையை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "இதுல செத்துப்போனவன் நான்தான்."

நான் வேடிக்கை பேசுகிறார் என்று சிரித்துவிட்டேன். பிறகு பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். கோத்த எழுத்தைத் தலைகீழாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நேராகப் பார்க்கும்போதுதான் அது தெரிந்தது.

"நாகமலைப் பக்கம் நம்ம ஊரு. தபால்ல வந்துச்சு. தம்பி கையெழுத்துல விலாசம். பிரிச்சேன். என் பேரு இருந்துச்சு. அது போதும்னு மடிச்சு மாடத்துல வச்சுட்டேன். நாலு நாளு எம்புட்டுச் சந்தோசமா இருந்தேன்ங்கிற! செத்தது தெரியாம."

அவரும் தன் பேரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"அஞ்சாம் நாளு எங்க சின்னாத்தா, கொக்குளத்துப் பக்கத்துலேருந்து, மாரடிச்சுக்கிட்டு வந்துட்டா. அவ வீட்டுக்கும் பத்திரிகை போயிருக்கு, யாரோ படிச்சுச் சொல்லியிருக்கான். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, 'என் ராசா, போயிட்டியா'ன்னு வாசல்ல வந்து விழுறா. நான் உள்ள உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சு வந்தா, என்னைப் பாத்ததும் அவளுக்குக் கோவம். 'ஏன்டா, சாகலையாடா நீ?'ங்கிறா. அம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்து வந்தது வீணாப் போச்சாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எத்தனை பத்திரிகை அடிச்சீங்க?"

"நூத்தி அம்பதுய்யா."

"நூத்தம்பது வீட்டுக்கு நான் செத்த சேதி போயிருக்கு. ஒருத்திதான் அழுக வந்தா."

நான் கையில் இருந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி, அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது என் தம்பி எழுதிக் குடுத்ததா, நீங்க கோக்கையில வந்த தப்பா? உங்க தப்புன்னா இப்பமே சொல்லிரு. கல்யாணத்துக்கு மூணு நாளு இருக்கு. வேட்டியை வெளுக்கப் போட்டிருக்கேன், வாங்கிட்டுக் கெளம்பிருவேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். கடைக்காரர் கைப்பட எழுதிய தாள் என் தலைக்கு மேலே ஆணியில் குத்தியிருந்தது. கையை நீட்டினால் எடுத்துக் காட்டியிருக்கலாம். அதே நேரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி, "யாரப்பா அது?" என்று குரல் கொடுத்தார். இரண்டு மாதம் முன்னால் ஒரு கோயில் நோட்டீஸில் தேதியை மாற்றிக் கோத்ததற்காக என்னோடு இருந்தவனை அவர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். இந்த வேலை போய்விட்டால், எனக்குத் தெரிந்த முகம் என்று இருக்கிற காப்பி கிளப்புக்காரர்கூட இல்லாமல் போய்விடுவார்.

"ஒண்ணுமில்ல முதலாளி, விலாசம் கேக்குறாரு" என்றேன். பிறகு பெரியவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"அடிக்கிறதுக்கு முந்தி அவரு பாத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருங்கய்யா."

கையெழுத்துப் போட்ட புரூப்பையும் எடுத்துக் காட்டினேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் வெகுநேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்தார். "அவன் கையெழுத்துத்தான். சின்னதுலேருந்தே கடைசி எழுத்துக்கு இப்படித்தான் வாலு விடுவான்" என்றார். பத்திரிகையை மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு, மறுபடியும் எழுத்துக்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து போனார்.

கல்யாணத்தன்று எனக்கு வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் பழங்காநத்தம் போனேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கடைக்காரர் சந்தன நிறச் சட்டையோடு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி ஒன்று திரும்பினால் இரண்டடி முன்னால் வருவார், இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே போவார். என்னைக் கண்டதும் நான் எதிர்பாராத விதமாக ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வாங்க தம்பி! எங்க அண்ணனைக் கொன்னுபோட்டீங்களே!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அந்தச் சின்னாத்தா இங்கேயும் வந்து இவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நான் அன்னைக்கே ஆள் விட்டேன் தம்பி. அச்சுல வந்த தப்பு, மனசுல வச்சுக்காதன்னு சொல்லச் சொன்னேன். அவன் என்ன சொல்லி அனுப்பினாந் தெரியுமா? 'நான் அச்சாபீஸுக்கே போயி விசாரிச்சுட்டு வந்துட்டேன். பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கான். எனக்கு அவன் கையெழுத்துத் தெரியாதா?'ன்னு. யாரு தம்பி அவன்கிட்ட அப்படிச் சொன்னது? உங்க முதலாளியா?"

நான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். அவர் என் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். மேளம் அடங்கியபிறகு சொல்லியிருக்கலாம். நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். நான் பத்திரிகை கோத்த கல்யாணங்களில், சாப்பிட்ட முதல் கல்யாணம் அதுதான். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள், நான் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்டார்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கிடையில் முதலாளிக்கும் விஷயம் எட்டிவிட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். போயிற்று, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று போய் நின்றேன். "புரூப்ல கையெழுத்து வாங்கினியா?" என்றார். வாங்கினேன் என்றேன். "அப்ப நம்ம மேல ஒண்ணுமில்ல. போ, போயி வேலையைப் பாரு" என்றார். எதற்காகப் பயந்து ஒரு மனுஷனைத் தம்பியிடமிருந்து பிரித்தேனோ, அந்தப் பயத்துக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. பயங்களில் பாதி இப்படித்தான். ஆனால் எந்தப் பாதி என்று முன்னாலேயே தெரிவதில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, ஆணியிலிருந்த தாளையும் எடுத்துக்கொண்டு, முதலில் பழங்காநத்தம் போனேன். கடைக்காரர் புண்ணாக்கை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பாகச் செருகினது நான், அண்ணன் வந்து கேட்டபோது மறைத்ததும் நான் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பண்ணினது அயோக்கியத்தனம்தான். ஆனா ஒண்ணு சொல்லு தம்பி. பத்திரிகையைப் பாத்ததும் அவன் நேரா இங்க வந்து, 'ஏன்டா, என்னைச் சாகடிச்சிட்டியா'ன்னு என் சட்டையப் பிடிச்சிருக்கலாம்ல? நாலு அறை விட்டிருக்கலாம்ல? அச்சாபீஸ்ல போயி விசாரிச்சிருக்கான். கூடப் பொறந்த என்னை நம்பல, முன்னப்பின்ன தெரியாத உன்னை நம்புனான்."

"நீங்களும் நேரா போகலையேண்ணே. ஆள்தானே விட்டீங்க?"

மாட்டுக்காரர் ஒருவர் வந்து நின்றார். "உங்களுக்கு எம்புட்டு?" என்று கடைக்காரர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நாகமலைப் பக்கம் போக வெயில் ஏறிவிட்டது. பெரியவர் வீட்டுக்கு முன்னால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வா தம்பி, செத்தவனைப் பாக்க வந்தியா?" என்றார். தாளைக் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். தகப்பனார் பேருக்கு முன்னால்தான் அந்த வார்த்தை, தன் பேருக்கு முன்னால் இல்லை என்று கண்டார். இரண்டு தரம் படித்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். இப்போதே எழுந்துவிடுவார், சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப, அவன் பாக்காமயா கையெழுத்துப் போட்டான்?"

"பாத்தாருங்கய்யா. அவசரம். அவரு பேரை மட்டும் பாத்தாரு. உங்க பேரு இருக்கான்னு விரல் வச்சுப் பாத்தாரு. முன்னாடி இருந்ததைப் பாக்கல. எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க."

"ம்." ஒரு கடலையை உரித்து என்னிடம் நீட்டினார். "அப்ப நீ அன்னைக்குப் பொய் சொல்லலையே தம்பி. நெசத்தத்தான் சொல்லியிருக்க. ஒம்பது வருசம் கழிச்சு அண்ணன் பேரைப் போடுறவன், அந்த வரியை ஒருதரம் முழுசாப் படிக்கல. அம்புட்டுதான்."

"நீங்களும் நாலு நாளு படிக்கலையேய்யா."

அவர் சிரித்தார். "படிக்கல. அவனுக்கு அண்ணன்தானே நான்." பிறகு, "நேரா வந்து கூப்பிட்டிருக்கலாம். நாலஞ்சு மைல்தான்" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளா, பிழை திருத்தம் என்று நாங்கள் புத்தகத்தின் கடைசியில் ஒரு பக்கம் போடுவோம். அதை யாரும் படிப்பதில்லை. நான் அந்த இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோனது அந்தப் பக்கத்தைத்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாக, அவர் வந்து கேட்டபோதே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். பத்து நாள் கழிந்ததும் பிழை என் கையைவிட்டுப் போய்விட்டது, அவர்கள் இருவருடைய சொத்தாகிவிட்டது. கொட்டிக்கிட்டியா என்ற ஒரு வார்த்தையை ஒன்பது வருஷம் வைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் இன்னொன்று சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் பிறகு பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. இரண்டு பேரையுமே நல்லவர்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கெட்டவர்கள் சண்டையை ஒருவிதமாகத் தீர்த்துவிடலாம். நல்லவர்கள் இருவரும் நியாயத்தோடு சண்டை போட்டால் நடுவில் யாரும் போக முடியாது.

மூத்தவள் கல்யாணத்துக்கு நான் பதினைந்து நாள் சைக்கிளில் வீடு வீடாகப் போனது இதனால்தான். நம்மோடு பேச்சை விட்டிருந்த உங்கள் அம்மாவின் தம்பி வீட்டு வாசலில், அவர் கதவைத் திறக்கிறவரைக்கும், முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் வந்தாரா என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு நாகமலையிலிருந்து திரும்பும்போது வழியில் ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. நடவு முடிந்த வயல். இரண்டு பக்கமும் ஒரு ஆள் இல்லை. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைப் பாலத்துக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, "தப்பு எங்களதுங்கய்யா, அவரு எழுதலை" என்று உரக்கச் சொன்னேன். அச்சாபீஸ் வாசலில் அவர் நின்ற அன்றைக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்காக. ஒரு மூச்சுகூட முழுசாகச் செலவாகவில்லை. சந்தேகமாக இருந்தது, இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.